மூடாமல் வந்த ஊற்று

தீவு என்றதும் தென்னை மரம் வரைகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்தத் தென்னை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்னால் ஒரு மலை எழும்பி, மலைக்குப் பின்னால் பாதிச் சூரியனும் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்காக மன்னார் வளைகுடாத் தீவுகளை வரைந்து ஒட்டியிருந்த அட்டையில் இந்த மூன்றும் இருந்தன. போதாக்குறைக்கு ஆலப்புழைப் படகுவீடு ஒன்றையும் மிதக்கவிட்டிருந்தார்கள்.

வரைந்தவர் எங்கள் ஓவிய ஆசிரியர். வித்துராக்காரர். பிறந்ததிலிருந்து பொன்முடி மலையைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கியவர். மலை இல்லாத நிலத்தை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது. நான் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவில் பூகோளம் நடத்துகிறேன். அட்டையைப் பார்த்த கையோடு நேராக அவரிடம் போனேன்.

"சாரே, அங்க மலையே கிடையாது."

"மலை இல்லாத தீவா டீச்சரே? அப்போ தண்ணி கேறி வந்தா எந்து செய்யும்?"

"முங்கும். ரெண்டு தீவு முங்கியே போச்சு."

அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நல்ல மனிதர். ஆனால் அந்தச் சிரிப்புக்காக இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில், கரையிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், கரையோடு கரையாக வரிசை கட்டிக் கிடப்பவை எங்கள் தீவுகள். நின்று பார்த்தால் உங்கள் தலைதான் அங்கே மலை. செத்த பவளப்பாறை நொறுங்கி, மணலாகவும் சல்லியாகவும் குவிந்த திட்டுகள் அவை. சில இடங்களில் நடந்தால் காலடியில் உடைந்த பீங்கான் மாதிரி கலகலக்கும். குடை விரித்த மாதிரி உடைமரம், பூவரசு, தாழை, உமரி, காலைக் கீறுகிற இராவணன் மீசைப் புல். ஒன்றிரண்டில் கரையோரச் சேற்றில் கண்டல் நிற்கும். யாரோ எப்போதோ வைத்த தென்னை எங்காவது ஒன்று இருக்கலாம், அதுவும் இளைத்துப்போய் நிற்கும். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் மணல் ஒரு பக்கம் ஒதுங்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்தால் மறுபக்கம் போகும். தூங்குகிறவன் புரண்டு படுப்பதுபோல் தீவு வருஷத்துக்கு இரண்டு முறை புரண்டு படுக்கும். அதனால்தான் போன வருஷம் படகு கட்டின இடத்தில் இந்த வருஷம் கட்ட முடியாது.

பெயர்களைப் பாருங்கள். நல்லதண்ணி என்று ஒன்று. உப்புத்தண்ணி என்று ஒன்று. பெயர் வைத்தவன் தாகத்தோடு வந்தவன் என்று உடனே தெரிந்துவிடும். முள்ளி, முயல், மணலி, வாழை என்று மீதியும் அப்படித்தான். பார்த்ததைப் பெயராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை பெயர் வைக்க எத்தனை பேர் வந்துபோயிருக்க வேண்டும்? ஆனால் நான் நடத்துகிற பாடக்குறிப்பில் 'மனிதர் வசிக்காத தீவுகள்' என்று ஒரே வரி. வருஷா வருஷம் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷா வருஷம் அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவேன்.

ஏனென்றால் என் அக்கா தன் ஆயுளில் பாதியை அந்தத் தீவுகளின் ஓரத்தில்தான் கழித்தாள். எங்கள் ஊர் பாம்பன் பக்கம். அம்மாவும் அக்காவும் பாசி எடுக்கிறவர்கள். விடிந்ததும் பெண்கள் கூட்டமாக வள்ளத்தில் போவார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் படர்ந்திருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய வலைப்பையில் சேர்ப்பார்கள். மதியத்துக்கு மேல் தீவில் ஏறி உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். எனக்குச் சின்ன வயதிலேயே கண்ணில் பவர் ஏறிவிட்டதால் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. பள்ளிக்கு அனுப்பினார்கள். அக்கா அதை வைத்து இன்றுவரை என்னைக் கிண்டல் செய்வாள். கடலுக்கு லாயக்கில்லாதது டீச்சராயிருச்சு என்பாள்.

அந்தப் பாசியிலிருந்து எடுக்கிற பொருளில்தான் திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு வீடு சைனா கிராஸ் புட்டிங் செய்கிறார்கள். ஆசிரியர் அறையில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் டிபன் பாக்ஸில் வெள்ளையாகத் துண்டு துண்டாக வரும். வழுவழுவென்று இறங்கும். ஒருநாள் இது என் அக்கா நகத்தைக் கிழித்துக்கொண்டு எடுத்தது என்று சொன்னேன். எல்லோரும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

நாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே பவளக்கல்லை வெட்டிப் படகு படகாகச் சுண்ணாம்புக்கும் சுவருக்கும் கொண்டுபோனார்கள். அலையை மறித்துக்கொண்டிருந்த பாறை போனதும் அலை நேராக மணலைத் தின்றது. முங்கின தீவுகள் அப்படித்தான் முங்கின. கல்லை ஏற்றிப்போனவர்களின் வீடுகள் எல்லாம் இன்னும் கரையில் நிமிர்ந்து நிற்கின்றன. பிறகு பாதுகாப்பு வந்தது. வரவேண்டியதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பாசி எடுக்கிறவர்களும் சில இடத்தில் பவளத்தை மிதித்திருப்பார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காவல் படகு வந்து விரட்டியது யாரை? விரலில் துணி சுற்றியிருந்தவர்களை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கொதிக்கும். வகுப்பில் சாக்பீஸ் உடையும்.

அக்காவுக்கு அந்தக் கோபம் கிடையாது. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு உறுத்தல். அதுதான் ஊற்று.

அந்தத் தீவுகளில் ஒன்றில், பெயர் வேண்டாம், உடைமரங்களுக்குக் கீழே அம்மாவும் கூட இருந்தவர்களும் ஒரு ஊற்று தோண்டியிருந்தார்கள். முழங்கை ஆழந்தான். உப்பும் இல்லாத தித்திப்பும் இல்லாத தண்ணீர் கசியும். குடிக்க ஒரு வாய், மீதி கண்ணுக்கு. காலையிலிருந்து உப்பில் ஊறின கண்ணில் அதை அள்ளித் தெளித்தால் உயிர் வந்துவிடும் என்பாள் அக்கா. திரும்பும்போது கடைசியாக வள்ளத்தில் ஏறுகிறவள் ஊற்றை மூட வேண்டும். பழைய வள்ளத்துப் பலகை ஒன்று அதற்காகவே கிடக்கும். பலகையை வைத்து, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு வர வேண்டும். மூடாவிட்டால் ஒரே காற்றில் மணல் தூர்ந்துவிடும், இல்லையென்றால் தாகத்துக்கு வருகிற பறவை விழுந்து செத்துவிடும். இதில் பெரியவள் சின்னவள் கிடையாது. கடைசியாக வருகிறவள்தான் மூடவேண்டும்.

அவர்கள் விரட்டப்பட்ட கடைசி நாளில் கடைசியாக நின்றவள் அக்கா. காவல் படகின் சத்தம் கேட்டு எல்லோரும் ஓட, அவளும் ஓடிவிட்டாள். பலகை மரத்தில் சாய்ந்தபடி நின்றது. அதற்குப்பின் அங்கே போக முடியவில்லை.

அத்தான் இறந்தபிறகு அக்கா என்னோடு திருவனந்தபுரம் வந்துவிட்டாள். ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்கார மாமி முதல் நாளே, "ஒண்ணும் நெனச்சுக்காதீங்கோ, மீன் மட்டும் ஆத்துக்குள்ள வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு வேலை கிடைத்ததோ கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஓட்டல் அடுக்களையில். காலையிலிருந்து காய் நறுக்குவாள். சாயங்காலம் மிளகாய்க் கண்ணோடு வருவாள். முகம் கழுவிவிட்டு ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சாக்கில் அந்தப் பேச்சு வந்துவிடும்.

"அந்த ஊத்த மூடாம வந்துட்டேன்டி."

"வருஷம் ஆச்சுக்கா. அது இருக்குமோ இல்லையோ."

"இருந்தா? தெறந்தில்ல கெடக்கும்."

வெளியே நூறு விஷயத்துக்குக் கத்துகிற நான் இதற்கு மட்டும் தட்டைக் கழுவ எழுந்துபோய்விடுவேன். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் நினைவு வந்தால் எப்படி இருக்கும், அது அவளுக்கு வருஷக்கணக்காக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியர்கள் சுற்றுலாவுக்கு ராமேஸ்வரம் என்று முடிவானது. அங்கே சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று தலைமையாசிரியை போனில் எடுத்துக் காட்டினார். படத்துக்குக் கீழே போட்டிருந்த பெயரைப் படித்தேன். அந்தத் தீவேதான். பாசி எடுக்கிறவள் கால் வைத்தால் குற்றம், டிக்கெட் எடுத்தவன் கால் வைத்தால் சுற்றுலா. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு டிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்தேன்.

அக்கா கேட்டதும் முதலில் சந்தோஷப்படவில்லை. பயந்தாள்.

"என்னைய அடையாளம் தெரிஞ்சா விடமாட்டாய்ங்கடி."

"டிக்கெட் எடுத்திருக்கு. எவன் விடமாட்டான்?"

"ஒனக்குத் தெரியாது. நான் மலையாளத்தாள் கணக்கா வாரேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தன் அம்மா தோண்டின ஊற்றைப் பார்க்க வேறு ஊர்க்காரி வேஷம் போட வேண்டுமா? அக்கா கேட்கவில்லை. ஓவிய ஆசிரியரின் மனைவி தன்னுடைய கேரளச் செட்டுமுண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார், பொன்சரிகைக் கசவுக்கரை போட்டது. அதை உடுத்திக்கொண்டு, நெற்றியில் சந்தனக்கீற்று வைத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தவளைப் பார்த்துத் தலைமையாசிரியை, "சேச்சி சுந்தரியாயல்லோ" என்றார். அக்கா வெட்கப்பட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

படகுத்துறையில் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டினார்கள். தலைமையாசிரியை அக்காவின் சட்டையை மட்டும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"சேச்சிக்கு நீந்தான் அறியாமோ?"

நீந்தத் தெரியுமா என்று கேட்கிறார். அக்கா பொய் சொல்லாமல் தப்பிக்கத் தெரிந்தவள். "பேடியா" என்றாள். பயமாக இருக்கிறதாம். அவள் பயந்தது உண்மைதான், ஆனால் தண்ணீருக்கு இல்லை.

அன்று கடல் வற்றின நேரம். படகு தீவின் மரத்துறை வரைக்கும் போக முடியாமல் கொஞ்சம் முன்னாலேயே தட்டி நின்றது. முட்டளவுத் தண்ணீரில் இறங்கி நடக்கச் சொன்னார்கள். துறையில் காக்கி உடுப்பில் ஒரு காவலர் நின்று ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏற்றினார். முப்பது வயதுக்குள் இருக்கும். எங்கள் ஆசிரியர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி ஒவ்வொரு காலையும் வெளியே தூக்கித் தூக்கி வைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். நானும் அப்படித்தான் போனேன். கடைசியாக அக்கா இறங்கினாள்.

இறங்கின உடனே கை தன்பாட்டில் முண்டுத் துணியை வாரிக் கால்களுக்கு நடுவே கொடுத்து இடுப்பில் செருகியது. அப்புறம் நடந்தாள். காலைத் தூக்கவில்லை. பாதத்தை மணலிலேயே தேய்த்துத் தேய்த்து, உழுகிற மாதிரி நடந்து வந்தாள். அந்தக் கடலில் எங்கள் ஆட்கள் அப்படித்தான் நடப்பார்கள். மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். மேலே மிதித்தால் வாலால் அடித்துவிடும். தேய்த்துக்கொண்டு போனால் அதுவே விலகிவிடும். அக்காவிடம் நீ எப்படி நடந்தாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

காவலர் நீட்டின கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"எந்த ஊரு சித்தி?"

"திருவனந்தபுரத்து நின்னா" என்றாள் அக்கா.

"திருவனந்தபுரத்துல திருக்கை இருக்கா சித்தி?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். செருகின துணியை மெதுவாக அவிழ்த்துவிட்டாள். அது தண்ணீரில் நனைந்து கசவுக்கரை மிதந்தது.

"பாசிக்காரவுகளா? படகுல ஒக்காருங்க. நீங்க உள்ள வர வேணாம்" என்றார் அவர், மரியாதையாகத்தான்.

நான் குதித்து வந்தேன். டிக்கெட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். இதில் பாசிக்காரி வரக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றேன். தலைமையாசிரியை என் தோளைப் பிடித்தார். காவலர் குரலை உயர்த்தவே இல்லை.

"டீச்சர், ஒங்களுக்குத் தெரியாது. இவுகளை விட்டேன்னு தெரிஞ்சா என்னைய நிப்பாட்டிருவாங்க. நானும் இந்தக் கரைதான். அதுனாலயே எம்மேல கண்ணு."

"நானும் இவளும் ஒரே வயித்துல பொறந்தவுங்க."

"அப்ப நீங்களும் படகுல ஒக்காருங்க."

அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள். "நீ போடி. போயி மூடிட்டு வா" என்று என் காதில் சொன்னாள். மறுபடி படகில் ஏறி, மிதவைச் சட்டையோடு நடுப்பலகையில் உட்கார்ந்துகொண்டாள்.

தீவுக்குள் மரப்பாதை போட்டிருந்தார்கள். அந்தக் காவலர்தான் வழிகாட்டியும். முன்னால் நடந்து இது உடைமரம், இது கண்டல், இது இன்ன பறவை என்று ஒப்பித்துக்கொண்டே போனார். சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஓவிய ஆசிரியர் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கடல் தெரிந்தது, எதிர்ப்பக்கமும் மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது. "ஐயோ டீச்சரே, சத்யமாயிட்டும் மலை இல்லை" என்றார். முகம் வெளுத்திருந்தது. இவ்வளவு தாழ்ந்த தரையில் நிற்பது அவருக்குப் பயமாக இருந்திருக்கும். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

பாதை வளைந்த இடத்தில் உடைமரங்களுக்குக் கீழே ஊற்றைப் பார்த்தேன். சுற்றி வெள்ளைச் சாயம் அடித்த கற்களை வட்டமாகப் பதித்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கம்பில் அடித்த மரப்பலகை. பச்சை நிறத்தில், வெள்ளை எழுத்தில், 'இத்தீவின் இயற்கை ஊற்று. அசுத்தம் செய்யாதீர்' என்று இருந்தது.

இயற்கை ஊற்றாம். இதைத் தோண்டி என் அம்மாவின் நகக்கண் கிழிந்து சீழ் வைத்து, சோறு பிசைய முடியாமல் அக்கா ஊட்டிவிட்டது எனக்கு நினைவிருக்கிறது. அவர்களை விரட்டினார்கள். சரி. அவர்கள் கை தோண்டினதையும் எடுத்துக்கொண்டு அதற்கு இயற்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் பாடக்குறிப்பில் உள்ள அதே வரிதான், பச்சைப் பலகையில் ஏறி நின்றது. நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிற வரி.

"இத யார் தோண்டினது?" என்று கேட்டேன்.

காவலர் என்னைப் பார்க்காமல், "எழுதிக் குடுத்ததத்தான் சொல்றேன் டீச்சர்" என்றார்.

"ஒங்க அம்மா இதுல குடிச்சதில்லையா?"

அவர் அடுத்த மரத்தைக் காட்டப் போய்விட்டார்.

எங்கள் ஆட்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நான் எட்டிப் பார்த்தேன். ஊற்று திறந்துதான் கிடந்தது. பாதி தூர்ந்து, அடியில் கொஞ்சம் பாசி பிடித்த தண்ணீர். அதில் ஆலாப் பறவையின் குஞ்சு ஒன்று செத்து ஊறிக்கிடந்தது. சுற்றிலும் கல் பதித்துச் சாயம் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு மூடத் தெரியவில்லை. நான் அந்தக் குஞ்சைக் குச்சியால் எடுத்து வெளியே போட்டேன். பழைய வள்ளப் பலகையைத் தேடினேன். எங்கும் இல்லை. மூட ஒன்றுமே இல்லை. பாதையை விட்டு இறங்கியதற்கு விசில் ஊதினார்கள். வெறுங்கையோடு திரும்பினேன்.

மற்றவர்கள் துறையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் தண்ணீரில் இறங்கிப் படகுக்குப் போனேன். அக்கா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கா?"

"இருக்கு. பலகை ஒண்ணு நட்டு, இயற்கை ஊற்றுன்னு எழுதி வெச்சிருக்காங்க." படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா தோண்டினது இயற்கையாம்க்கா."

அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"மூடியிருக்கா?"

"இல்ல. தெறந்துதான் கெடக்கு. ஒரு குஞ்சு விழுந்து செத்துக்கெடந்துச்சு."

அக்கா எழுந்தாள். மிதவைச் சட்டையைக் கழற்றினாள். அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒழுங்காக மடித்துப் பலகையில் வைத்தாள். முண்டுத் துணியை வாரிச் செருகினாள், இந்தத் தடவை தெரிந்தே. படகின் பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கினாள். துறைக்குப் போகவில்லை. பக்கவாட்டில், காலைத் தேய்த்துக்கொண்டு, கரையை ஒட்டி நேராக உடைமரங்கள் இருந்த பக்கம் போனாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் திருவனந்தபுரத்தில் பார்த்ததே இல்லை.

விசில் ஊதியது. காவலர் மரப்பாதையில் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். தலைமையாசிரியை, "எந்தா இது, எந்தா இது" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நாங்கள் போய்ச் சேரும்போது அக்கா ஊற்றுக்கு முன்னால் முட்டி போட்டு, மண்ணை இரண்டு கையாலும் வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தெளிந்த தண்ணீரை ஒரு கை அள்ளினாள். முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே விட்டாள். கண்ணுக்கு வைக்கவில்லை. வைக்கிற மாதிரி இல்லை அந்தத் தண்ணீர்.

பிறகு அக்கம்பக்கம் பார்த்தாள். நான் தேடின மாதிரியே அவளும் பலகையைத் தேடினாள். எதுவும் இல்லை என்று தெரிந்ததும் எழுந்துபோய், அந்தப் பச்சைப் பலகையின் கம்பை இரண்டு ஆட்டு ஆட்டி மணலிலிருந்து பிடுங்கினாள். எழுத்து கீழே போகிற மாதிரி கவிழ்த்து ஊற்றின் மேல் வைத்தாள். அவளுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. எந்தப் பக்கம் சாயம் அடித்திருக்கிறதோ அந்தப் பக்கம் வெயில் படக்கூடாது என்று கவிழ்த்திருப்பாள். ஆனால் எனக்கு அந்த எழுத்து மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்ததில் நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், சத்தம் போட்டுச் சிரித்தேன்.

காவலர் மூச்சு வாங்க நின்றார். விசில் வாயிலேயே இருந்தது, ஊதவில்லை.

"சித்தி, என் வேலை போயிரும்."

"நான் போனப்பெறகு எடுத்து நட்டுக்கய்யா. சாயங்காலம் கெளம்பயில மட்டும் மூடிரு." கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "கடைசியா போறவதான் மூடணும். ஒங்கம்மா சொல்லித்தரலயா?"

அவர் தரையைப் பார்த்தார். "சொல்லியிருக்கு" என்றார்.

அதோடு எங்கள் சுற்றுலாவும் முடிந்தது. தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பள்ளியின் பெயர் கெட்டுப்போயிருக்கும், இனி இப்படி ஆட்களைக் கூட்டிவரக்கூடாது என்றார். யாரை ஆட்கள் என்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் வேலை விஷயம் மட்டும்தான் பேசிக்கொள்கிறோம். திரும்புகிற வழியில் வேனில் பின்சீட்டில் ஒருவர் பையைத் திறந்து, தீவில் பொறுக்கின பவளத்துண்டுகளையும் சங்குகளையும் காட்டினார். கூட இருந்தவர்களிடமும் இருந்தன. அந்தப் பைகளை ஒருவரும் சோதிக்கவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் தூங்கிவிட்டாள். நான் நாகர்கோவில் வரைக்கும் தூங்கவில்லை.

ஓவிய ஆசிரியர் பொருட்காட்சி அட்டையை மாற்றிவிட்டார். தென்னையும் மலையும் படகுவீடும் போயின. நீலத்தில் ஒரு மெல்லிய வெளுப்புக் கோடு, அதன்மேல் நாலைந்து குடைமரம். அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் இன்னும் முடிக்கவில்லையா என்று கேட்கிறார்கள். 'மனிதர் வசிக்காத' என்ற வரியை நான் வகுப்பில் எழுதுவதை விட்டுவிட்டேன். பரீட்சையில் கேட்டால் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போகும் என்று உடன் வேலை செய்கிற ஒருத்தி எச்சரித்தாள். போகட்டும் என்றேன். இது நியாயமில்லை என்று எனக்கே தெரியும்.

அக்கா மறுநாளே ஓட்டலுக்குப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க ஊற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாரம் இறங்கிவிட்டது, இனி நிம்மதியாகத் தூங்குவாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிவர ஓட்டலின் பின்வாசலுக்குப் போனேன். அடுக்களையில் கூடை நிறையத் தடியங்காய் என்கிற சாம்பல் பூசணி கிடந்தது. அவள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, நறுக்காமல், வெளியே மரங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழைக்கு முன்னால் அடிக்கிற காற்று.

"என்னக்கா?"

"மேல கல்லு வைக்கலடி" என்றாள். "அவன் விசிலு ஊதுன பதட்டத்துல கல்லு வைக்க மறந்துட்டேன். காத்துக்கு அந்தப் பலகை நிக்குமா?"